மலைச் சரிவில் வீணாகும் விசை: எண்ணெய் அழுத்தமா, மின் மோட்டாரா?

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு வண்டிச் செலவும் சாகுபடிச் செலவில் ஒரு பங்குதான். திராட்சைத் தோட்டத்திலிருந்து சாலைக்கும், வாழைத் தோப்பிலிருந்து சந்தைக்கும், கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கும் ஜீப்புகளும் டிராக்டர்களும் சிறு சரக்கு வண்டிகளும் நாள்தோறும் ஓடுகின்றன. மேட்டில் ஏறும்போது டீசல் எரிகிறது. இறங்கும்போது, ஏறுவதற்குச் செலவழித்த விசையில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது.

இப்படி வீணாகும் விசையைப் பிடித்து வைத்து, அடுத்த மேட்டில் திரும்பப் பயன்படுத்த முடியுமா? முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எண்ணெய் அழுத்த முறை, அதாவது ஹைட்ராலிக். மற்றது மின் மோட்டாரும் பேட்டரியும் கொண்ட முறை. என்ஜினோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்து ஓட்டும் வண்டிக்கு ஹைபிரிட், அதாவது கலப்பு விசை வண்டி என்று பெயர்.

பழைய ஜீப்பும், இரும்புக் கடையில் கிடைக்கும் ஹைட்ராலிக் பம்பும், மின் ரிக்‌ஷாவின் மோட்டாரும், ஒரு நல்ல லேத்துப் பட்டறையும் இருந்தால் இத்தகைய வண்டியை உள்ளூரிலேயே கட்டிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு எழுவது இயற்கை. ஆனால் எந்த வேலைக்கு எந்த முறை பொருந்தும் என்று கணக்குப் பார்க்காமல் இறங்கினால் கைப்பணம் முடங்கும். மலைச் சாலையில் உயிருக்கும் ஆபத்து வரும். எனவே இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

லோயர் கேம்ப் காட்டும் பாடம்

இரண்டு முறைகளையும் புரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வருகிறது. அங்கிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் சரிந்து, கூடலூருக்கு அருகே லோயர் கேம்ப் மின் நிலையத்தை அடைகிறது. குழாயின் அடியில் நீருக்குப் பெரும் அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தம் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் மின்னாக்கியைச் சுற்றுகிறது. அதன் பிறகு அதே விசை கம்பிகளின் வழியே மின்சாரமாகப் புறப்படுகிறது.

குழாய்க்குள் விசையைச் சுமந்து வந்தது நீரின் அழுத்தம். கம்பிக்குள் சுமந்து போவது மின்சாரம். இரண்டும் விசையைச் சுமக்கும் கூலியாள்களே. எதுவும் தானாக விசையை உண்டாக்குவதில்லை. உயரத்திலிருந்த நீர்தான் மூலதனம். வண்டியிலும் இதே கதைதான். மூலதனம் டீசல். எண்ணெயும் மின்சாரமும் அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகின்றன. கொண்டுபோகும்போது இரண்டுமே வழியில் கொஞ்சம் சிந்துகின்றன. "ஹைபிரிட் போட்டால் டீசலே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

எண்ணெய் அழுத்த முறை எப்படி வேலை செய்கிறது?

டிராக்டரின் பின்புறம் கலப்பையைத் தூக்கும் கைகளும், டிப்பர் டிரெயிலரைக் கவிழ்க்கும் ஜாக்கியும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. ஹாரி பெர்குசன் வகுத்த மும்முனை இணைப்பும் எண்ணெய் அழுத்தத் தூக்கியும் உலகெங்கும் டிராக்டரின் அமைப்பையே மாற்றின. அந்த வழியில் வந்த மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தமிழ்நாட்டில் தயாரிக்க 1960-ல் சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆகவே இது நம் விவசாயிகளுக்குப் புதிய விசை அல்ல.

தூக்குவதற்கு மட்டுமின்றி, ஓட்டுவதற்கும் இந்த முறை பயன்படுகிறது. பொக்லைன் இயந்திரத்தின் சங்கிலிப் பட்டையைச் சுற்றுவது எண்ணெய் மோட்டார்தான். நெல் அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு. என்ஜின் பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் ஹோஸ் வழியே சென்று மோட்டாரைச் சுற்றும். சேற்றில் அங்குலம் அங்குலமாக நகரவும், சட்டென்று பின்னால் திரும்பவும் இது மிகவும் வசதியானது.

இதோடு விசையைச் சேமிக்க வேண்டுமானால் அக்குமுலேட்டர் என்னும் அழுத்தக் கலம் ஒன்று தேவை. இது கனமான எஃகு உருளை. உள்ளே ஒரு ரப்பர் பையில் நைட்ரஜன் வாயு இருக்கும். இறக்கத்தில் சக்கரமே பம்பைச் சுற்றி எண்ணெயைக் கலத்துக்குள் தள்ளும். எண்ணெய் உள்ளே வர வர வாயு நெருங்கும். மேட்டில் வால்வைத் திறந்தால் நெருங்கிய வாயு விரிந்து எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சக்கரத்தைத் தள்ளும். அழுத்திய ஸ்பிரிங்கை விடுவதைப் போன்றதுதான் இது.

மின் முறை எப்படி வேலை செய்கிறது?

இங்கே பம்புக்குப் பதில் மின்னாக்கி, ஹோஸுக்குப் பதில் கம்பி, அழுத்தக் கலத்துக்குப் பதில் பேட்டரி. ஒரே மோட்டார் மேட்டில் சக்கரத்தைச் சுற்றும். இறக்கத்தில் சக்கரம் அதைச் சுற்ற, அது மின்னாக்கியாக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். எவ்வளவு மின்சாரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் என்னும் பெட்டி கவனித்துக்கொள்ளும்.

என்ஜினும் மின்சாரமும் சேர்ந்து உழைப்பதற்குப் பழகிய உதாரணம் ரயில். 2022 மே 26-ல் மதுரை-தேனி அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தப் பாதையில் மின்கம்பி இல்லை. இழுத்தவை டீசல் என்ஜின்கள். அத்தகைய ரயில் என்ஜினில் டீசல் இயந்திரம் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது மின்னாக்கியைச் சுற்றுகிறது. அந்த மின்சாரத்தால் மோட்டார்கள் சக்கரங்களைச் சுற்றுகின்றன. அதில் பெரிய பேட்டரி ஒன்றையும் சேர்த்தால் அதுவே கலப்பு விசை வண்டியாகிவிடும்.

வீட்டுப் பட்டறையில் கட்டிய கலப்பு வண்டிகளில் பெயர் பெற்றது அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஆர்தர்ஸ் 1979-ல் கட்டியது. சிறிய ஓப்பல் காரில் விமானத்திலிருந்து கழித்த மோட்டார் ஒன்றையும், பேட்டரிகளையும், புல்வெட்டும் இயந்திரத்தின் சிறு என்ஜினையும் பொருத்தினார். லிட்டருக்குச் சுமார் 32 கிலோமீட்டர் ஓடியதாக அக்காலத்தில் செய்தி வந்தது. ஆனால் அது இலகுவான கார். ஆள் ஏற்றி மலை ஏறும் ஜீப் அல்ல. இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

ஒரு ஜீப், ஒரு மலை: கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். விசையின் அளவை எல்லாருக்கும் பழகிய மின்சார "யூனிட்" கொண்டே பார்க்கலாம்.

ஆளும் சுமையுமாக 2,000 கிலோ எடையுள்ள ஜீப் 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் கிடைக்கக்கூடிய விசை 0.54 யூனிட். டயர் உராய்வும் காற்றின் தடையும் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றால் மிச்சம் சுமார் 0.43 யூனிட். இதைத்தான் பிரேக் வீணாக்குகிறது.

இப்போது 20 லிட்டர் கொள்ளளவுள்ள அழுத்தக் கலத்தை எடுத்துக்கொள்வோம். வாயுவின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவிலிருந்து 200 கிலோ வரை ஏறுவதாக வைத்தால், அதில் சேரும் விசை 0.04 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. பன்னிரண்டு அடிக்கு ஓரடி இறங்கும் சாலையில் அந்த ஜீப் சுமார் 125 மீட்டர் தூரம் ஓடுவதற்குள் கலம் நிரம்பிவிடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். அதற்குப் பின் முதல் கொண்டை ஊசி வளைவிலிருந்து அடிவாரம் வரை கிடைக்கும் விசை எதையும் அதில் வைக்க இடமில்லை.

அடுத்து, 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி காரீய பேட்டரிகள் நான்கை எடுத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து 4.8 யூனிட். பேட்டரி கெடாமலிருக்கப் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் கைக்கு வருவது 2.4 யூனிட். அழுத்தக் கலத்தைப்போல அறுபது மடங்கு. சேமிப்பின் அளவில் பேட்டரிக்கே வெற்றி.

ஆனால் பேட்டரிக்கும் ஒரு குறை உண்டு. அகன்ற குடத்துக்குச் சிறிய வாய் இருப்பதைப் போல, காரீய பேட்டரி மெதுவாகத்தான் மின்சாரத்தை வாங்கும். மேற்சொன்ன இறக்கத்தில் ஜீப் தரக்கூடிய மின்சாரம், 48 வோல்ட் ஏற்பாட்டில் சுமார் 90 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி காரீய பேட்டரி தொடர்ந்து நலமாக ஏற்கக்கூடியது சுமார் 20 ஆம்பியர். ஆகவே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அப்போதும் பிரேக்குக்கே போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி இதைவிட வேகமாக வாங்கும். அதே அளவு பேட்டரி 50 ஆம்பியரோ அதற்கு மேலோ ஏற்கும். எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் விலை கூடுதல், தக்க பாதுகாப்புச் சுற்று இல்லாமல் பயன்படுத்தவும் கூடாது.

அழுத்தக் கலத்துக்கோ இந்தக் குறை கிடையாது. அது சின்னக் குடம், ஆனால் வாய் அகலம். நிரம்பிய கலம் 10 விநாடியில் தன் விசை முழுவதையும் கொடுத்தால், அந்த நேரத்தில் அது சுமார் 18 குதிரைத்திறன் கொண்ட என்ஜினுக்குச் சமம். நின்ற வண்டியை உந்தித் தள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், கொஞ்சம் விசையைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று கொடுக்க எண்ணெய் அழுத்தம். நிறைய விசையை நிதானமாக வாங்கி, நெடுநேரம் கொடுக்க மின்சாரம்.

எவ்வளவு டீசல் மிச்சம்?

அந்த ஜீப் 700 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உராய்வு போக மிஞ்சுவது சுமார் 3 யூனிட். மின்னாக்கி, கன்ட்ரோலர், பேட்டரி, மீண்டும் மோட்டார் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழந்து சக்கரத்துக்குத் திரும்பி வருவது அதில் பாதி, அதாவது ஒன்றரை யூனிட். ஒரு லிட்டர் டீசல் நல்ல என்ஜினில் சுமார் 3 யூனிட் வேலை தரும். ஆக, எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒருமுறை இறங்கினால் மிச்சம் அரை லிட்டர் டீசல். அதுவும் வேகமாக வாங்கும் பேட்டரி இருந்தால்தான். காரீய பேட்டரியில் இதுவும் வெகுவாகக் குறையும்.

20 லிட்டர் அழுத்தக் கலத்தில் ஒருமுறை இறங்குவதற்கு மிச்சமாவது ஒரு மேசைக்கரண்டி டீசல்தான். வழியில் மேடும் பள்ளமும் மாறி மாறி வந்தால் கலம் பலமுறை நிரம்பி வடியும், அப்போது பலன் கூடும். ஒரே மூச்சாக இறங்கும் மலைச் சாலையில் பலன் இல்லை.

தேனியிலிருந்து கம்பம் வரை ஒரே சீராக ஓடும் சாலையில் இரண்டு முறைகளுமே டீசலை மிச்சப்படுத்தா. பிரேக் போடாத இடத்தில் மீட்பதற்கு என்ன இருக்கிறது? கியர்பெட்டியைக் கழற்றிவிட்டு பம்பும் எண்ணெய் மோட்டாரும் வைத்து ஓட்டினால் நஷ்டமே மிஞ்சும். கியர்பெட்டி நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை தின்னும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 30 பங்கு வரை தின்னும். பழைய தேய்ந்த பம்பு என்றால் இன்னும் அதிகம்.

பிற நாடுகளின் அனுபவம்

இந்தக் கணக்கை உலக அனுபவமும் உறுதி செய்கிறது. 2006-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் யு.பி.எஸ். பார்சல் நிறுவனமும் எண்ணெய் அழுத்தக் கலப்பு வண்டி ஒன்றை வெளியிட்டன. வீட்டுக்கு வீடு நின்று பார்சல் கொடுக்கும் வண்டி அது. பரிசோதனைக் கூடத்தில் எரிபொருள் சிக்கனம் 60 முதல் 70 சதவீதம் வரை கூடியதாக அறிவித்தார்கள். காரணம் எளிது. 2,000 கிலோ வண்டி 36 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது கிடைப்பது 0.03 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான விசை. அது ஒரு சிறிய கலத்துக்குள் அடங்கும். உடனே அடுத்த வீட்டுக்குப் புறப்பட அதுவே பயன்படும். குப்பை வண்டிகளுக்கும் இதே முறை முயலப்பட்டது.

2013-ல் பிரான்சின் பியூஜோ-சித்ரோன் நிறுவனம் எண்ணெயும் அழுத்த வாயுவும் கொண்ட கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. அது விற்பனைக்கு வரவே இல்லை. மாறாக, 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் என்ற மின் கலப்புக் கார் உலகெங்கும் பரவியது. நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு மின் முறையே நிலைத்தது.

நம் நாட்டிலும் துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 2023-ல் சிறு விவசாயிகளுக்கென பிரைமா இ.டி.11 என்ற மின் டிராக்டரை வெளியிட்டது. 7, 8 மணி நேரம் சார்ஜ் செய்தால் 4 மணி நேரத்துக்கு மேல் வயலில் வேலை செய்யும் என்று அறிவித்தார்கள். அந்த டிராக்டரில் சக்கரத்தை ஓட்டுவது மின்சாரம். கருவிகளைத் தூக்குவது எண்ணெய் அழுத்தம். ஒன்றை ஒன்று விரட்ட வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் தனக்கு உரிய வேலையைச் செய்யலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இறக்கத்தில் கவனிக்க வேண்டியது

விசையை மீட்கும் ஏற்பாடு பிரேக்குக்குத் துணை. அது பிரேக்குக்கு மாற்று அல்ல. இதை மறப்பவர்களுக்கு மலைச் சாலை இரண்டாவது வாய்ப்புத் தராது.

அழுத்தக் கலம் நிரம்பிய பிறகும் சக்கரம் பம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தால், எண்ணெய் ரிலீப் வால்வு வழியே தொட்டிக்குத் திரும்பும். அப்போது விசை முழுவதும் எண்ணெயைச் சூடாக்கும். தொட்டியில் 40 லிட்டர் எண்ணெய் இருந்தால், மேற்சொன்ன இறக்கத்தில் 12 விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடு ஏறும். பத்து நிமிடத்தில் 50 டிகிரி. காலையில் 30 டிகிரியில் புறப்பட்ட எண்ணெய் 80 டிகிரியை எட்டிவிடும். அதற்கு மேல் எண்ணெய் நீர்த்துப்போகும், சீல்கள் கெடும், ஹோஸ் இளகும். குளிர்விக்கும் ரேடியேட்டர் இல்லாமல் இத்தகைய வண்டியை மலையில் இறக்கவே கூடாது.

மின் முறையில் வேறு சிக்கல். மலை உச்சியில் பேட்டரி முழுவதும் நிரம்பியிருந்தால், இறக்கத்தில் அது மின்சாரத்தை வாங்காது. மோட்டார் இழுத்துப் பிடிப்பது திடீரென்று நின்றுபோகும். எனவே மேலிருந்து புறப்படும்போது பேட்டரி பாதியளவு காலியாக இருக்க வேண்டும். வீட்டு நினைப்பில் "முழுதாகச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்" என்று மேலே சார்ஜ் போடுவது இங்கே ஆபத்து.

இரண்டு முறையிலும், வண்டியின் அசல் பிரேக் தனியாகவே முழுச் சுமையையும் நிறுத்த வல்லதாக இருக்க வேண்டும். இறக்கத்தில் என்ஜினை அணைக்கக் கூடாது, கியரை நியூட்ரலில் போடவும் கூடாது.

தோட்டத்துக்கு எது பொருந்தும்?

மலைச் சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் வந்தால் நிலைமை மாறுகிறது. சொந்த நிலத்தில் திராட்சைப் பெட்டி, உர மூட்டை, மருந்துத் தொட்டி ஆகியவற்றைச் சுமக்கும் சிறு வண்டிக்கு மின் முறை நன்றாகப் பொருந்தும்.

வண்டியும் சுமையுமாக 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மண் பாதையில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட சுமார் 1.3 கிலோவாட் போதும். 2 கிலோவாட் மோட்டார் வைத்தால் மேடு பள்ளத்துக்கும் தாங்கும். மேற்சொன்ன நான்கு பேட்டரிகளைப் பாதிவரை பயன்படுத்தினாலே சுமார் 14 கிலோமீட்டர் ஓடும். திரும்பச் சார்ஜ் செய்ய 3 யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகும். இதே வேலைக்குச் சிறு டீசல் என்ஜின் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். மின் ரிக்‌ஷாவின் மோட்டார், கன்ட்ரோலர், அச்சு எல்லாம் பொருந்திய நிலையில் கடைகளில் கிடைப்பதால் பழுது பார்ப்பதும் எளிது. ஒரு கவனம்: விவசாய இலவச மின் இணைப்பு பாசன பம்புசெட்டுக்கு உரியது. வண்டியின் பேட்டரியை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்ய வேண்டும்.

எண்ணெய் அழுத்த முறைக்கும் தோட்டத்தில் இடம் உண்டு. சுமையைத் தூக்க, டிரெயிலரைக் கவிழ்க்க, மரத்தைப் பிளக்க, சேற்றில் மெல்ல ஊர்ந்து போக இதற்கு இணை இல்லை. நீரும் சேறும் பட்டால் மின் கன்ட்ரோலர் கெட்டுவிடும், எண்ணெய் மோட்டார் தாங்கும். ஆனால் எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசியே பம்பைத் தேய்த்துவிடும். திறந்த பட்டறையில் ஹோஸைக் கழற்றி மண்ணில் போட்டு மாட்டினால், புதுப் பம்பும் விரைவில் பழைய பம்பாகிவிடும்.

பேட்டரியின் ஆயுளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காரீய பேட்டரி சில நூறு முறை சார்ஜ் செய்வதற்குத்தான் தாங்கும். பிறகு மாற்ற வேண்டும். நன்றாகப் பராமரித்த அழுத்தக் கலம் பல்லாண்டு உழைக்கும். ரப்பர் பையை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும்.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

எண்ணெய் அழுத்த ஏற்பாட்டில் வேலை செய்வோர் கவனத்துக்கு:

1. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் வெளிவரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் தோலுக்குள் புகுந்தால் வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

2. அழுத்தக் கலத்தில் நைட்ரஜனைத் தவிர வேறு எதையும் நிரப்பக்கூடாது. வெல்டிங் பட்டறையில் கைக்கு எட்டும் ஆக்ஸிஜனை நிரப்பினால், எண்ணெயோடு சேர்ந்து குண்டாக வெடிக்கும். அழுத்தக் காற்றும் கூடாது.

3. சமையல் எரிவாயு சிலிண்டரையோ, பஞ்சர் கடைக் கம்ப்ரசர் தொட்டியையோ அழுத்தக் கலமாகப் பயன்படுத்தக்கூடாது. அவை இவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. அழுத்தக் கலத்தின் மேல் வெல்டிங் வைக்கவும் கூடாது.

4. எந்த மரையைத் தளர்த்தும் முன்பும் கலத்தின் எண்ணெயை முழுவதும் தொட்டிக்கு இறக்கிவிட வேண்டும். என்ஜின் நின்றிருந்தாலும் கலத்தில் அழுத்தம் நிற்கும்.

மின் ஏற்பாட்டில் வேலை செய்வோர் கவனத்துக்கு:

1. 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் கூடாது. ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே உருகும். மோதிரம், கைக்கடிகாரம், அரைஞாண் கொடி ஆகியவற்றைக் கழற்றிவிட்டே வேலை செய்ய வேண்டும்.

2. பேட்டரிக்கு அருகிலேயே தக்க பியூஸும், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் முழு மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்சும் இருக்க வேண்டும்.

3. காரீய பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

4. பழைய லித்தியம் செல்களைப் பொறுக்கிச் சேர்த்து, பாதுகாப்புச் சுற்று இல்லாமல் பேட்டரி கட்டக்கூடாது. அது தீப்பிடித்தால் சாதாரணமாக அணைக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டுவது வேறு, பொதுச் சாலைக்கு வருவது வேறு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. வட மாநிலங்களில் பம்புசெட் என்ஜினை வைத்துக் கட்டும் "ஜுகாட்" வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, அவற்றுக்கும் சட்டம் பொருந்தும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டப்படி மாற்றவும் வழி உண்டு. பழைய வண்டிகளில் ஹைபிரிட் அல்லது மின் சாதனத் தொகுதியைப் பொருத்துவதற்கான விதிகள் 2016-ல் வெளியாயின. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேறிய தொகுதியை, அதற்கு அனுமதி பெற்றவர் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் சேர்க்க வேண்டும். அந்த விதிகள் மின் முறைக்கே உரியவை. பட்டறையில் கட்டிய எண்ணெய் அழுத்த வண்டிக்கு அந்த வழியும் இல்லை. பதிவுக்கு மாறான வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கலாகும். தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் இப்படிச் சோதனை செய்து பார்ப்பது, அவர்கள் குடும்பங்களின் பிழைப்பைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

முடிவாக

மலை ஏறி இறங்கும் ஜீப்பில் பட்டறை வேலையாக அழுத்தக் கலம் வைப்பதால் பலன் இல்லை. மின் முறையில் பலன் உண்டு, ஆனால் சோதனையில் தேறிய சாதனமும் வேகமாக வாங்கும் பேட்டரியும் வேண்டும். அதற்கு ஆகும் செலவை, ஒருமுறை இறங்கினால் மிச்சமாகும் அரை லிட்டர் டீசலோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன், செலவு இல்லாத சிக்கனங்களைச் செய்யலாம். டயரில் சரியான காற்று, சுத்தமான ஏர் பில்ட்டர், உரிய நேரத்தில் சரி பார்த்த இன்ஜெக்டர், அளவான சுமை ஆகியவை எந்த ஜீப்புக்கும் பொருந்தும்.

தோட்டத்துக்குள் சிறு சுமை இழுக்க விரும்புவோர் மின் மோட்டாரோடு தொடங்கலாம். தூக்கவும் கவிழ்க்கவும் எண்ணெய் அழுத்தத்தை வைத்துக்கொள்ளலாம். தூக்குவதற்கு எண்ணெய், ஓட்டுவதற்கு மின்சாரம், நிறுத்துவதற்கு நல்ல பிரேக்: இந்த மூன்றையும் அதனதன் இடத்தில் வைப்பவருக்குப் பணமும் மிஞ்சும், வண்டியும் பத்திரமாக வீடு வந்து சேரும்.